இல்லாத சமந்தாவும் இருக்கும் மாணவர்களும்

பிறவாத பெண்ணொருத்தி! பெற்றோர் இல்லை, ஊர் இல்லை, கல்லூரிப் பதிவேட்டில் பெயரும் இல்லை. ஆயினும் அவள்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவளைக் காட்டி, உயிரும் உடலுமாக உலவிய மாணவர் பலருக்குத் தண்டனையும் வழங்கப்பட்டது. கட்டுக்கதை அன்று, தோழர்களே! கட்டுக்கதை ஒன்றைக் கட்டியவர் நீதிமன்றத்தில் அகப்பட்டுக்கொண்ட உண்மைக் கதை. நடந்த இடம் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் பல்கலைக்கழகம்.

ஜான் வெஸ்ட்லிங் என்பார், 1995ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் தலைவருக்கு அடுத்த பொறுப்பில் அமர்ந்திருந்தவர். மறு ஆண்டே தலைவர் நாற்காலியிலும் அமர்ந்தவர். 1995இல் அவர் சொற்பொழிவொன்று நிகழ்த்தினார். கற்றல் குறைபாடு என்று சொல்லிக்கொண்டு வருவோர் கல்வியின் தரத்தைக் கெடுக்கின்றனர் என்பது அவர் வாதம். வாதத்துக்குச் சான்று வேண்டுமன்றோ? சமந்தா என்ற மாணவியை மேடையேற்றினார். முதல் நாள் வகுப்பிலேயே அவள் வந்து நின்றாளாம். தனக்குக் கற்றல் குறைபாடு என்று கடிதம் நீட்டினாளாம். முன்வரிசையில் இடம் வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும், பாடக் குறிப்புகளின் படி வேண்டும் என்றாளாம். அத்தோடு நில்லாமல், வகுப்பில் தான் உறங்கிவிடக்கூடும், உறங்கும்போது தவறிய பாடத்தைப் பின்னர்த் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டாளாம்! அவையோர் நகைத்திருப்பர். நகைக்கத்தானே சொன்னது!

நகைப்போடு முடிந்திருந்தால் நமக்கு வேலையில்லை. முன்மாதிரி என்று பிறர் பாராட்டிய உதவித்துறை ஒன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் இயங்கிவந்தது. அதன்மேல் அவர் கைவைத்தார். மூன்றாண்டுக்கொரு முறை புதிதாகச் சோதனை செய்துகொண்டு சான்று கொண்டுவா என்றனர். சோதனைக்கு ஆகும் செலவு மாணவன் தலையில். பிறந்தநாள் தொட்டு இறுதிநாள் வரை உடன்வரும் இயல்பு ஒன்று, மூன்றாண்டில் கரைந்துபோகுமோ என்று ஐயம் அவர்களுக்கு! கால் இழந்தவனிடம் மூன்றாண்டுக்கொரு முறை "கால் முளைத்துவிட்டதா, காட்டு" என்று எவரேனும் கேட்டதுண்டோ?

மாணவர்கள் வழக்காடு மன்றம் சென்றனர். அங்கே, ஆணையிட்டு உண்மை உரைக்க வேண்டிய நிலை வந்தபோது, வெஸ்ட்லிங் ஒப்புக்கொண்டார்: சமந்தா என்றொருத்தி இல்லை, எந்த மாணவியையும் பார்த்துச் சொன்னதில்லை, எல்லாம் கற்பனையே! 1997 ஆகஸ்டில் நீதிபதி பாட்டி சாரிஸ் தீர்ப்பளித்தார். மூன்றாண்டு மறுசோதனை விதி சட்டத்துக்கு மாறானது என்றார். பொய்யான படிமங்களை நெஞ்சில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தனர் என்று கண்டித்தார். மாணவர் சிலருக்கு ஏறத்தாழ 30,000 டாலர் இழப்பீடும் கிடைத்தது. அனைத்திலும் மாணவர் வென்றனர் என்று சொல்வதற்கில்லை. அயல்மொழிப் பாடத்துக்குப் பதிலாக வேறு பாடம் எடுக்க அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையில், பல்கலைக்கழகம் முறைப்படி ஆய்ந்து முடிவெடுக்கட்டும் என்றார் நீதிபதி. ஆய்ந்து மறுத்தனர், 1998இல் மன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அவர்களுக்குக் கிடைத்ததையும் கிடைக்காததையும் சேர்த்தே சொல்கிறோம். மறைத்துப் பேசினால் நமக்கும் வெஸ்ட்லிங்குக்கும் வேறுபாடு ஏது?

அக்கரைச் சேதி எதற்கு என்பீர்கள். நம் நாட்டுக் கல்லூரி அலுவலகங்களில் இன்றைக்கும் சமந்தா உலவுகிறாள். "இதெல்லாம் புது நோய்", "சான்று வாங்கிவிட்டால் சலுகை, அதற்காகச் செய்யும் சாகசம்", "படிக்க வணங்காத பிள்ளைக்குப் பணக்காரர் வைத்த பெயர்" என்ற பேச்சுக்கள் அனைத்தும் அவள் குரலே.

புது நோயாம்! 1877இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மவுல், கண்பார்வையில் பழுதின்றியே எழுத்தைப் படிக்க இயலாத நிலையைச் "சொற்குருடு" என்றழைத்தார். 1887இல் ருடால்ப் பெர்லின் என்ற கண் மருத்துவர் "டிஸ்லெக்சியா" என்ற சொல்லையே படைத்துவிட்டார். 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அறிவிலே குறையில்லை, விளையாட்டிலே குறையில்லை. எழுத்து மட்டும் அவனுக்கு எட்டாக்கனி. அவனுடைய ஆசிரியர் என்ன கருதினார் தெரியுமோ? பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளியிலேயே அவன்தான் முதல் மாணவன் என்று! அந்தக் குழந்தையைக் கண்டறிந்து 120 ஆண்டுக்கு மேலாகிவிட்டது. 1963இல் சாமுவேல் கர்க் "கற்றல் குறைபாடு" என்ற பொதுப்பெயரைச் சிகாகோவில் வழங்கினார். படிப்பில் தடுமாற்றம் டிஸ்லெக்சியா; எழுத்தில் தடுமாற்றம் டிஸ்கிராபியா; எண்களில் தடுமாற்றம் டிஸ்கால்குலியா. பெயர்கள் வாயில் நுழையாதவைதாம். ஆனால் அப்பெயருக்குரியவர்கள் நம் தெருவில் இருப்பவர்கள்.

ண, ன, ந மூன்றும் எங்கே வரும் என்று மயங்குபவன். ல, ள, ழ மூன்றையும் காதால் பிரித்தறிந்தும் கையால் பிரித்தெழுத முடியாதவன். ஒரு வரியைப் படித்து அடுத்த வரிக்கு வருமுன் முதல் வரிக்கே திரும்பிவிடுபவன். கேட்ட பாடத்தை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்பவன், எழுதச் சொன்னால் கை நடுங்கி நிற்பவன். நம்மிடையிலும் உண்டே! மணிக்கணக்கில் மேடை அதிரப் பேசும் ஆற்றல் பெற்றவரிடம், துண்டறிக்கை ஒன்று எழுதித் தாருங்கள் என்றால் நழுவிவிடுவார். சோம்பேறி என்று நாமே அவரைக் கேலி பேசியிருப்போம். நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

அமெரிக்க உளநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை இத்தகையோர் என்கிறது. மொழி எதுவாயினும், பண்பாடு எதுவாயினும் அதுவே கணக்கு. 2021-22இல் இந்தியக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றோர் 4.33 கோடி. அவர்களுள் மாற்றுத்திறனாளிகள் என்று பதிவானோர், பார்வையற்றோர், செவித்திறன் இழந்தோர், கால் ஊனமுற்றோர் அனைவரையும் கூட்டியே, ஓர் இலட்சத்தை எட்டவில்லை. நூற்றுக்குக் கால் பங்குகூட இல்லை! மற்றவர்கள் எங்கே போயினர்? ஒரு பகுதி கல்லூரி வாசலை மிதிக்குமுன்பே பள்ளியிலிருந்து துரத்தப்பட்டனர். மற்றொரு பகுதி கல்லூரிக்குள்ளேயே இருக்கின்றனர். கடைசி வரிசையில், நிலுவைத் தாள்களோடு, தாங்கள் மக்குகள் என்று தாங்களே நம்பிக்கொண்டு.

சட்டம் இல்லையா? இருக்கிறது, ஏட்டிலே இருக்கிறது! 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமே இல்லை. ஏழு வகை ஊனங்களை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டனர். 2007இல் ஐக்கிய நாடுகள் மன்றத்தின் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது; ஏற்றபின் ஒன்பது ஆண்டுகள் உறங்கி, 2016 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. உறங்கியது யார், சமந்தாவா, சர்க்காரா? 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் 21 வகைகளை எண்ணுகிறது. அவற்றுள் ஒன்று கற்றல் குறைபாடு. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்கள் நூற்றுக்கு 5 இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு பெயர்சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல், மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்பது மத்திய அரசின் வழிகாட்டு விதி.

விதி இருந்தும் வினை விடவில்லை. 2021 செப்டம்பரில் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு நடந்தது. டிஸ்கிராபியா உடைய மாணவி ஒருத்தி தேர்வெழுதச் சென்றாள். அவளுக்குரிய கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. நேரம் முடிந்தது என்று விடைத்தாளைப் பறித்துக்கொண்டனர். விதி இன்னது என்று மேற்பார்வையாளருக்கே தெரியாது! அவள் உச்சநீதிமன்றம் வரை சென்றாள். நவம்பர் 23 அன்று மன்றம் சொன்னது: அவளுக்கு இழைக்கப்பட்டது அநீதி, தேர்வு நடத்திய அமைப்பு தன் ஊழியருக்கு விதிகளைக் கற்பிக்கத் தவறிவிட்டது. நன்று! ஆனால், இலட்சக்கணக்கானோர் எழுதிய தேர்வை ஒருத்திக்காக மறுபடி நடத்த ஆணையிட இயலாது. அநீதியைத் துடைக்க என்ன செய்யலாம் என்று அந்த அமைப்பே ஒரு வாரத்தில் எண்ணிப் பார்க்கட்டும். காயப்படுத்தியவனிடமே மருந்துச் சீட்டு எழுதச் சொன்ன கதை. நீதிபதிகளைக் குறை சொல்ல வரவில்லை நாம். மன்றம் வரை போக வேண்டிய நிலையைத்தான் குறை சொல்கிறோம்.

அதே ஆண்டு பிப்ரவரியில் வேறொரு வழக்கு. எழுதும்போது கை இறுகிப் பிடித்துக்கொள்ளும் குறை ஓர் இளைஞருக்கு. மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். குடிமைப் பணித் தேர்வெழுத விழைந்தார். எழுத உதவியாளர் கேட்டார். 40 விழுக்காடு குறை இருந்தால் தருவோம், இல்லையேல் இல்லை என்றனர். உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. 40 விழுக்காடு என்ற கோடு இடஒதுக்கீட்டுக்கு வகுத்தது; உதவி பெறும் உரிமைக்கு அக்கோட்டை மதிலாக்காதீர் என்றது. மூன்று மாதத்தில் விதி வகுக்கச் சொன்னது மன்றம்; 2022 ஆகஸ்டில் வந்தது விதி. 2025 பிப்ரவரியில், வங்கித் தேர்வெழுதிய மற்றோர் இளைஞர் வழக்கில், அதே நீதிமன்றம் அதே பாடத்தை மறுபடியும் நடத்த வேண்டியதாயிற்று. ஒரே பாடத்தை எத்தனை முறை நடத்தினாலும் மண்டையில் ஏறாத மாணவர் யார் என்று கேட்டால், துரைத்தனத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது!

அந்த 40 என்ற எண்ணின் மகிமையைச் சற்றுப் பார்ப்போம். 2019இல் மருத்துவக் கல்விக்கான விதிகளில், கற்றல் குறைபாடு உடையோருள் யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று அட்டவணை போட்டனர். 40க்குக் கீழ் இருந்தால் ஒதுக்கீடு இல்லை. 80க்கு மேல் போனால் படிப்பே இல்லை. அட்டவணையின் அடியிலே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. இக்குறைபாட்டின் கடுமையை அளக்க அளவுகோல் எதுவும் இப்போது இல்லை. ஆகவே 40 என்ற எல்லை தான்தோன்றியாக வைத்தது. மேலும் சான்றுகள் தேவை! எதிரி எழுதிய வாசகமன்று, விதி வகுத்தவரே எழுதிய வாசகம். தராசு இல்லை, படிக்கல் இல்லை. ஆனால் எடை மட்டும் போட்டுவிட்டனர். எடை குறைந்தால் வெளியே, எடை கூடினாலும் வெளியே. மளிகைக் கடையில் இப்படி நடந்தால் கடைக்காரர் கைதாவார்.

சான்றிதழுக்கான வழியோ அதனினும் வளைந்தது. 2018இல் வெளியான வழிகாட்டு முறைப்படி, மூன்றாம் வகுப்பிலேயே, எட்டு வயதிலேயே, ஆசிரியர் கண்டறிந்து அனுப்ப வேண்டும். 14 வயதில் ஒரு முறை, 18 வயதில் ஒரு முறை மறுசான்று. 18இல் பெறுவது வாழ்நாள் முழுதும் செல்லும். சோதனைக்குரிய கருவி, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் வகுத்தது. 5 முதல் 12 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்காக உருவாக்கியது. அக்கருவியைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளைகளுக்கு அது பயன்படுகிறது. ஆனால் 19 வயதில், கல்லூரிக்கு வந்தபின், தன் தடுமாற்றத்துக்குப் பெயருண்டு என்று முதன்முதலாக அறிகிறானே, அவன் எங்கே போவது? எட்டு வயதில் அவனை எந்த ஆசிரியர் கண்டார்? இரண்டு வகுப்புக்கு ஓராசிரியர் இருந்த பள்ளியில், கண்டறியும் பயிற்சியை அவருக்கு யார் தந்தார்?

நம் இயக்கத் தோழர்கள் மனத்தில் ஊன்ற வேண்டியது இந்த இடம்தான். சென்னையில் 1990களின் தொடக்கத்திலேயே டிஸ்லெக்சியாவுக்கென்று சங்கம் கண்டனர். போற்றுகிறோம். 2007இல் வந்த இந்தித் திரைப்படம் ஒன்று எட்டு வயதுச் சிறுவனைக் காட்டி நாட்டையே அழவைத்தது. அழுதோம். ஆனால் உளவியலாளரிடம் கட்டணம் செலுத்தி, சிறப்பாசிரியரை அமர்த்தி, நாள் முழுதும் அலைந்து சான்று பெறும் வசதி எவர் வீட்டுப் பிள்ளைக்கு உண்டு? நகரத்து ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை தடுமாறினால் "டிஸ்லெக்சியா". கிராமத்துக் கூலிக்காரர் மகள் தடுமாறினால் "படிப்பு ஏறாத குடும்பம்"! பாட்டனும் பாட்டியும் எழுத்தறியாதவர் என்பதே அவளுடைய தடுமாற்றத்துக்குப் போதிய விளக்கமாகிவிடுகிறது. மருத்துவக் கையேடும் அதற்குத் துணை போகிறது. கல்வி போதாமையாலோ, பாடமொழி தெரியாமையாலோ விளைந்த தடுமாற்றமாயின் அதைக் கற்றல் குறைபாடு என்று கொள்ளலாகாது என்பது அதன் நிபந்தனை. அறிவியல் முறைப்படி அந்த நிபந்தனை சரியே. ஆனால் நல்ல பள்ளி தராதவர்களே, "உனக்கு நல்ல பள்ளி வாய்க்கவில்லை, ஆகவே உனக்குக் குறைபாடு என்று சான்று தர இயலாது" என்று சொல்வது என்ன நியாயம்? தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தின் முன்னே விழிப்பவளுக்கு, விழிப்பது மொழியாலா, மூளையின் அமைப்பாலா என்று பிரித்துப் பார்க்க எத்தனை மாவட்ட மருத்துவமனைகளில் ஆள் இருக்கிறார்கள்?

இனி, தகுதிவாதிகள் வருவார்கள். வழக்கமாக வருபவர்கள்தாம், பழக்கமான பாட்டுதான். "எல்லோருக்கும் மூன்று மணி நேரம், அவனுக்கு மட்டும் நான்கா? சமத்துவம் எங்கே?" என்பார்கள். அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது? இயற்கை விதித்ததா? மண்டபம் கிடைக்கும் நேரம், மேற்பார்வையாளர் உட்காரும் நேரம், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று அலுவலகம் வகுத்த அட்டவணை, அவ்வளவே. வேதியியல் தேர்வு வேதியியல் அறிவை அளக்கட்டும். பேனாவின் வேகத்தை அளக்க வேண்டுமானால் சுருக்கெழுத்துத் தேர்வு தனியே இருக்கிறது. இடஒதுக்கீடு என்றபோதும் தகுதி போச்சு என்றனர். பெண்கள் படிக்க வந்தபோதும் தரம் போச்சு என்றனர். எத்தனை முறைதான் போகும் அந்தத் தரம்!

ஒரு கேள்வியை மட்டும் எள்ளி ஒதுக்க மாட்டோம். "எழுத்தை மாற்றிப் படிப்பவன் மருத்துவனாகி, மருந்தின் அளவை மாற்றி எழுதிவிட்டால்?" என்று கேட்போர் உண்டு. கேட்கத் தக்க கேள்விதான். ஆனால் அதற்கு விடை காண வேண்டிய இடம் வேறு. இந்தத் தொழிலின் உயிர்நாடியான வேலைகள் எவை, உதவிக் கருவிகளோடு அவற்றை இவர் செய்கிறாரா என்று ஒவ்வொருவரையும் நேரே பார்த்து முடிவு செய்க. 2024இல் பேச்சுக் குறைபாடுடைய மாணவர் ஒருவரின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதும் இதையே. விழுக்காட்டைப் பார்த்துக் கதவை மூடாதீர். செயலாற்றலைப் பார்த்து முடிவெடுங்கள் என்றது. செயலைப் பார்க்கச் சோம்பி எண்ணைப் பார்க்கிறார்களே, அங்குதான் நமது சினம்.

என்ன கேட்கிறோம்? மாளிகையா கேட்கிறோம்? அச்சிட்ட பாடத்தை உரக்கப் படித்துக் காட்டும் கருவி இன்று கைபேசியிலேயே இருக்கிறது, தமிழும் படிக்கிறது. விரிவுரையை ஒலிப்பதிவு செய்துகொள்ள அனுமதி. பாடக் குறிப்பு முன்கூட்டியே. தேர்வுக்குத் தனி அறை, கூடுதல் நேரம், எழுத உதவியாளர். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் வெட்டாத திருத்தம். கல்லூரிக்கு ஒருவரேனும் இது தெரிந்த ஆசிரியர். மாவட்டந்தோறும் கல்லூரி வயதினருக்குக் கட்டணமின்றிச் சோதனை. இவற்றில் இறுதி இரண்டுக்கு மட்டுமே பணம் வேண்டும். மற்றவற்றுக்கு மனம் இருந்தால் போதும். பல்கலைக்கழக மானியக் குழு 2022இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுவிட்டது. அந்நூல் எத்தனை முதல்வர்களின் அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடக்கிறதோ! சட்டத்தை மீறினால் 89ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். பல கல்லூரிகளில் ஒரு மாணவனின் ஒரு பருவக் கட்டணமே அதைவிடக் கூடுதல். இதற்கு எவர் அஞ்சுவார்? அடுத்த குற்றத்துக்கு 50,000 முதல் 5 இலட்சம் வரை. முதல் குற்றமே பதிவாகாத நாட்டில் அடுத்த குற்றம் எங்கிருந்து வரும்?

பதிவாகச் செய்வது நம் வேலை. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு, முறையீட்டை விசாரிக்கும்போது, உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. ஆளை அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம். மனு எழுதத் தெரியாதவனுக்காகத்தான் அந்த மனுவையே எழுத வேண்டியிருக்கிறது. எழுதத் தெரிந்த தோழர்கள் எழுதித் தாருங்கள். மாணவரணித் தோழர்கள் நாளைக் காலை தத்தம் கல்லூரி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். சென்ற ஆண்டில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பித்த மாணவர் எத்தனை பேர், பெற்றவர் எத்தனை பேர் என்று எழுத்து மூலம் கேளுங்கள். "எங்கள் கல்லூரியில் அப்படிப்பட்டவர் ஒருவரும் இல்லை" என்று விடை வந்தால் வாதாட வேண்டாம். அக்கல்லூரி மாணவரின் மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதி, இருபதால் வகுத்து, அந்தத் தாளை முதல்வரின் மேசைமீது வைத்துவிட்டு வாருங்கள்.